பிழியும் தொட்டி

எங்கள் வீட்டு வாஷிங் மெஷினை என் மாமனார் ஒரு நாளும் தொட்டதில்லை என்று நாங்கள் உறுதியாக நம்பியிருந்தோம். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. மெஷின் வந்து இறங்கிய அன்று, தம்முடைய துணி உலரும் மூங்கில் கோலுக்கு அது எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்று அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு கோல் தொங்கிய கயிறுகளை அவிழ்த்து, இரண்டு முழம் தள்ளி மறுபடி கட்டினார். அதைக் கடந்து குழாயடிக்குப் போகும்போதெல்லாம் வேட்டியின் நுனியை இடக்கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொள்வார். என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, "அது கடிக்காதுப்பா" என்பார்.

"கடிக்காதுடா. ஊர் அழுக்கையெல்லாம் தின்னுட்டு நிக்கறதே, அதான்" என்பது மாமனாரின் பதில்.

அவர் திருவள்ளூர்ப் பெருமாள் சன்னதியில் பாசுரங்களைக் கூடி ஓதிச் சேவிக்கும் கோஷ்டியைச் சேர்ந்தவர். அவருடைய தகப்பனாரும் அதே வேலையைச் செய்தவர். முந்தின நாள் தம் கையாலேயே துவைத்து, பிறர் கை படாமல் உலர்த்திய வேட்டியையும் உத்தரீயத்தையும் உடுத்தித்தான் கோஷ்டியில் உட்காருவார். அந்த உடைக்குத்தான் மடி என்று பெயர். துவைத்ததை ஒரு கோலால் ஏந்தி, எட்டாத உயரத்தில் தொங்கும் மூங்கிலில் போடுவார். மறுநாள் விடியுமுன் அதே கோலால் எடுப்பார். இடையில் அதன் கீழே நடப்பதற்குக்கூட நாங்கள் தயங்குவோம்.

மாமியார் இருந்தவரை அவர்கள் இருவரும் கோயிலுக்கு அருகிலேயே குடியிருந்தார்கள். அவர் காலமான பிறகு மாமனார் எங்களோடு மணவாள நகருக்கு வந்தார். வழக்கமான ஆட்டோக்காரர் ஒருவர் விடியற்காலையில் வந்து, வேறு யாரையும் ஏற்றாமல் அவரைச் சன்னதியில் கொண்டு விடுவார். என் கணவருக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புத் தகடு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு வேலை. கம்பெனி பஸ் அவரை அதற்கும் முன்னதாகவே ஏற்றிக்கொண்டு போய்விடும். நான் திருவாலங்காட்டில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறேன்; காலை ரயிலில் போனால் மாலையில்தான் வீடு. மகள் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். ஆக, மாமனார் கோயிலிலிருந்து திரும்பித் தம் துணியைத் துவைக்கும் நேரத்தில் வீட்டில் வேறு யாரும் இருப்பதில்லை. நான் மாலையில் வந்து பார்க்கும்போது வேட்டி உலர்ந்து, காற்றில் சலசலத்துக்கொண்டிருக்கும். விடுமுறை நாட்களில் மட்டும் கோலிலிருந்து தண்ணீர் சொட்டும். அன்று நிதானமாகத் துவைக்கிறார், தண்ணீரைத் தாராளமாக விடுகிறார் என்று நானே ஒரு காரணத்தை வைத்துக்கொண்டிருந்தேன்.

மெஷின், இரண்டு தொட்டிகள் உள்ள பழைய வகை. ஒன்று துவைக்கும், மற்றொன்று சுழன்று பிழியும். ஐப்பசி அடைமழையில் ஒரு மாலை பிழியும் தொட்டியில் துணியைப் போட்டு விசையைத் திருப்பினேன். அது சுழலவில்லை. அடித்தொண்டையில் ஒரு முனகல் கேட்டது. பிறகு கருகின வாசனை வந்தது. நிறுத்திவிட்டு, சொட்டச் சொட்டத் துணிகளை வாளியில் அள்ளிப்போட்டேன். கூடத்தில் உட்கார்ந்திருந்த மாமனார், என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. பொதுவாக, பால்காரர் மணியடித்தால்கூட யார் என்று கேட்கிறவர் அவர். அது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

கணவர் அன்றே தீர்மானித்துவிட்டார். அவர் வேலையில் ஒரு தகட்டைக் கையில் எடுத்தால் ஏற்பது, தள்ளுவது என்ற இரண்டே முடிவுகள்தான். வீட்டிலும் அந்த வேகம் உண்டு. முன்பக்கம் கதவு வைத்த, எல்லாவற்றையும் தானே செய்துகொள்ளும் மெஷின் ஒன்றைப் போனில் தேர்ந்தெடுத்து என்னிடம் காட்டினார். கெட்டுப்போனதற்குத் தம் சீருடையில் ஒட்டிவரும் இரும்புத் தூளே காரணமாக இருக்கும் என்று அவருக்கு உள்ளூர ஓர் உறுத்தலும் இருந்தது. புதியதை எங்கே வைப்பது என்பதையும் அவரே யோசித்து வைத்திருந்தார். மொட்டைமாடியில் படிக்கட்டு முடியும் இடத்தில் சிறிய அறை ஒன்று இருக்கிறது. அங்கே வைத்துவிட்டால் பின்கட்டு முழுவதும் அப்பாவுக்கே என்று விட்டுவிடலாம்; மடிக்கு ஒரு குறையும் வராது. தகப்பனாரிடம் அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பரிசைக் கொடுக்கிறவரின் மலர்ச்சி இருந்தது. எனக்கும் அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. அவருடைய ஆசாரத்தை மதிப்பதற்கு இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தோன்றவில்லை.

மாமனார் கையிலிருந்த புத்தகத்தை மூடாமலே, "இதையே சரி பண்ணிப் பாக்கக் கூடாதோ?" என்றார்.

"வயசாயிடுத்துப்பா அதுக்கு."

"எனக்கும்தான் ஆயிடுத்து."

கணவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பழைய தலைமுறையின் சிக்கனம் என்று எடுத்துக்கொண்டோம். அவர் அதை மறுபடி சொல்லவில்லை.

மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒரு விடியற்காலையில் வந்த ஆட்டோவை மாமனார் திருப்பி அனுப்பிவிட்டார். முழங்கால் வலி என்றார். இரண்டு நாள் போனார், மறுபடி நின்றார். பிறகு நிற்கும் நாட்கள் கூடின. அவர் முழங்காலில் தைலம் தடவிக்கொள்வதை நான் பார்க்கவில்லை. ஆனால் கையில் தடவிக்கொண்டிருந்தார். இதையும் நான் அப்போது வேறு விதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

கோஷ்டி என்பது இரண்டு வரிசையாக எதிரெதிரே உட்கார்ந்து, ஒரு வரிசை தொடங்க மற்றது தொடர்ந்து சேவிப்பது. ஒரு வரிசையின் தொடக்கக் குரல் என் மாமனாருடையது. அவர் வயதுக்காரர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டு வந்திருந்தார்கள். வராமல் போகிறவரை யாரும் நீக்குவதில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வார்கள். பக்கத்தில் இருப்பவர் சற்று நகர்ந்து உட்காருவார். சில வாரங்களில் அங்கே ஓர் இடம் இருந்ததே தெரியாமல் போகும். அந்தக் கார்த்திகையில் கோஷ்டியிலிருந்து ஒருவர் போன் செய்தார். மாமனார் பேசியதை மட்டும் கேட்டேன். மார்கழிக்கு வந்துவிடுவேன் என்று சொன்னார்; மறுமுனையில் ஏதோ நீளமாகச் சொன்னார்கள்; அதற்கு அவர், "உம்ம மாப்பிள்ளை நன்னாத்தான் சேவிப்பார், தொடங்கட்டும், தொடங்கட்டும்" என்றார். போனை வைத்த பிறகு வெகு நேரம் அதன் கண்ணாடியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். கணவரோ, இந்த வயதில் விடியற்காலைப் பனியில் போகாமல் ஓய்வெடுப்பதே நல்லது என்று ஆறுதலடைந்தார்.

ஒரு பொருளை வீட்டைவிட்டு வெளியேற்றுமுன் அதற்கு என்ன நேர்ந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவள் நான். மழை விட்டதும் கடைக்காரர் புதியதை இறக்கிவிட்டுப் பழைய மெஷினை எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு; அதற்கு முன்பு யாராவது ஒருவர் திறந்து பார்க்கட்டும் என்றேன். கணவருடைய கம்பெனி பஸ் நிற்கும் புதுவாயல் கூட்டுரோட்டில் மெக்கானிக் ஒருவர் கடை வைத்திருந்தார். சிப்காட்டில் வேலை செய்கிறவர்கள் அறைக்குப் பத்துப் பேராகத் தங்கி, ஒரு பழைய மெஷினை வாங்கி எல்லோரும் துவைப்பார்கள். அவற்றைப் பழுது பார்ப்பதுதான் அவருக்கு முக்கியத் தொழில். ஒரு சனிக்கிழமை வந்தார். மெஷினைச் சுற்றி ஒரு முறை நடந்துவிட்டு, திறக்காமலே தீர்ப்புச் சொன்னார்.

"இன்னா மேடம், இத்தப் போய் பாக்கச் சொல்றீங்க. புச்சு வாங்கிக்கினு நிம்மதியா இருங்க. நான் சொன்னா என் பொயப்புக்கு நஷ்டம், இருந்தாலும் சொல்றேன்."

திறந்து மட்டும் பாருங்கள் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே பின்தகட்டைக் கழற்றினார். பிழியும் தொட்டியின் அடியில் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் ரப்பர் தேய்ந்துபோய், தண்ணீர் மோட்டாரில் விழுந்து, மோட்டார் எரிந்திருந்தது. பிறகு தொட்டியைத் தூக்கியெடுத்து உள்ளே கையை விட்டார். விரல்கள் வெள்ளை வெளேரென்று வெளியே வந்தன.

"இன்னா மேடம் இது, கோலமாவு கொட்டி வெச்சிக்கிறீங்களா உள்ள? ரப்பர அரைச்சித் துன்னதே இதான். இது இல்லன்னா இன்னும் நாலு வருசம் ஓடிக்கினு இருந்துருக்கும்."

கூடத்திலிருந்து மெல்லிய குரலில் கேட்டுக்கொண்டிருந்த பாசுரம் நின்றது.

நான் அந்த வெள்ளையை விரலால் தொட்டுப் பார்த்தேன். கோலமாவு நறநறக்கும், இது பட்டுப்போல வழுக்கியது. நெற்றியிலும் மார்பிலும் தோளிலும் தினமும் இட்டுக்கொள்ளும் திருமண் அது. வியர்வையில் கரைந்து உத்தரீயத்தில் ஊறுவது. எங்கள் வீட்டில் அதை இட்டுக்கொள்கிறவர் ஒருவர்தான். மாலையில் சலசலத்த வேட்டி, விடுமுறையில் மட்டும் சொட்டிய வேட்டி, கையில் தடவிய தைலம் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வீடு காலியாக இருந்த அத்தனை காலைகளிலும் அவர் துணியைத் தம் கையால் துவைத்து, அலசி, பிறகு இந்தத் தொட்டியில் போட்டுப் பிழிந்திருக்கிறார். மெஷின் கெட்டதும் பிழிய முடியவில்லை. பிழியாத துணி மழைக்காலத்தில் மறுநாள் விடியுமுன் உலராது. உலர்ந்த மடி இல்லாமல் அவர் கோஷ்டிக்குப் போகமாட்டார். அவருடைய மடிக்காகவே மெஷினை மாடிக்குக் கொண்டுபோக நாங்கள் திட்டமிட்டிருந்தோம்.

மெக்கானிக்கிடம் கோலமாவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. மாற்று மோட்டார் கிடைக்குமா என்று மட்டும் கேட்டேன். புதிதாகக் கிடைக்காது, கழற்றிப் போட்ட ஒன்று தம் கடையில் இருக்கலாம், தேடிப் பார்க்க வேண்டும் என்றார். அதைக் கொண்டுவந்து பொருத்தினால் உத்தரவாதம் எதுவும் கேட்கக் கூடாது என்று மூன்று விதமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாமனார் குழாயடியில் இருக்கும்போது பின்கட்டுக்குப் போகும் வழக்கம் எனக்கு இல்லை. அன்று போய் வாசற்படியிலேயே நின்றேன். துவைத்த வேட்டியைக் குழாயைச் சுற்றி ஒரு வளையமாகப் போட்டு, இரண்டு நுனிகளையும் சேர்த்துப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு முறுக்குத்தான் ஏறியது. மணிக்கட்டு அதற்குமேல் இடம் கொடுக்கவில்லை. முறுக்கு தானாகவே பிரிந்து சுழன்றது. என்னைப் பார்த்ததும் கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"மெஷினை ரிப்பேர் பண்ணச் சொல்லியிருக்கேன்ப்பா" என்றேன்.

"எதுக்கும்மா? அதான் புதுசு வரப்போறதே."

"புதுசு மாடிக்குப் போயிடும். அதுல ஒரு குடம் தண்ணியை ஊத்தி அலம்பி விடவும் முடியாது."

அவர் வேட்டியைக் குழாயிலிருந்து எடுத்து வாளியில் போட்டார். நான் ஊகித்துச் சொன்னது சரியாக இருந்தது; துணியைப் போடுமுன் அவர் அந்தத் தொட்டியைக் குடத்துத் தண்ணீரால் சுத்தி செய்துகொண்டுதான் இருந்திருக்கிறார். மெஷினில் பிழிந்த துணி மடியாகுமா என்ற வழக்கைத் தமக்குள் பேசி முடித்து, ஒரு தீர்ப்பும் எழுதிக்கொண்டு, அதை யாரிடமும் விவாதிக்க விரும்பாமல் இருந்திருக்கிறார்.

"உள்ளே மண்ணு இருந்துதா?"

"இருந்தது."

"நிறையவா?"

"ஒரு கைப்பிடி இருக்கும்."

"பெருமாளே" என்று சொல்லி மெல்லச் சிரித்தார். சிரிப்பு அடங்கிய பிறகு, வாளியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அவ இருந்தவரைக்கும் அந்தப் பக்கம் அவ மடியா நின்னு பிடிப்பா, இந்தப் பக்கம் நான் பிடிப்பேன். எதிரும் புதிருமா முறுக்கினா, ஒரு சொட்டு நிக்காது. அவ போனப்பறம் இங்கே வந்தேன். நான் ஒரு நுனியைப் பிடிச்சுண்டே நின்னா யாரும்மா முறுக்கறது?"

நான் பிடிக்கிறேன் என்றேன். விடியுமுன் குளித்துவிட்டால் ஆயிற்று, நனைந்த புடவையோடு மடியாக வந்து நிற்கிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"நீ ஓடற ஓட்டத்துக்கு இது ஒண்ணுதான் குறைச்சல். வண்டியைப் பிடிக்கறதா, வேஷ்டியைப் பிடிக்கறதா? அந்த மெஷின் பேசாது, அலுத்துக்காது. அது போறும் எனக்கு." பிறகு, "உன் ஆம்படையான்ட்ட சொல்லப்போறியா?" என்று கேட்டார்.

"கேட்டா சொல்வேன். கேக்காம நானாச் சொல்லமாட்டேன்."

தலையசைத்தார். அது சம்மதம் என்று எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அவர் ஒளித்து வைத்ததைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற எண்ணம் எனக்கு வரவில்லை. ஆண்டுக்கணக்காக ஒரே கூரையின் கீழ் இருந்த ஒருவரோடு முதன்முறையாக அறிமுகமானதைப் போலத்தான் இருந்தது.

கணவரைச் சம்மதிக்க வைப்பது கடினமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவரிடம் சொல்வதற்கு நேர்மையான காரணங்கள் என்னிடம் நிறையவே இருந்தன. எங்கள் தெரு போர் தண்ணீர் உப்பு. புதிய மெஷின்கள் அதைத் தாங்குவதில்லை என்று பக்கத்து வீட்டு அனுபவம் இருந்தது. அவருடைய சீருடையை எப்படியும் தனியாக ஊறவைத்தே ஆகவேண்டும். ஈரத்துணியோடு தினமும் மாடிப்படி ஏறப் போகிறவள் நான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதெல்லாம் புதுசு பாத்தப்போவே தெரியுமே. அப்போ சரின்னுதானே சொன்னே?" என்றார். தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறவரிடம் விரிசலை மறைக்க முடியாது.

"இன்னொரு காரணம் இருக்கு. நீங்க கேட்டா சொல்வேன். கேக்காம இருந்தா நல்லதுன்னு நினைக்கறேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, திறந்திருந்த கதவு வழியே பின்கட்டைப் பார்த்தார். கோலில் தொங்கிய வேட்டியிலிருந்து தண்ணீர் ஒரே சீராகச் சொட்டி, தரையில் ஓடி, மெஷினின் காலடிவரை வந்திருந்தது. அதைப் பார்த்தவர், ஒன்றும் கேட்காமல் போனை எடுத்துப் புதிய மெஷினுக்குக் கொடுத்திருந்த ஆர்டரை ரத்து செய்தார். அடுத்த நாள் வேலை முடிந்து புதுவாயலில் இறங்கி, மெக்கானிக்கோடு தாமும் உட்கார்ந்து பழைய சாமான்களுக்குள் மோட்டாரைத் தேடியிருக்கிறார். கிடைத்தது. சாப்பாட்டுப் பையில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு வந்தார்.

அந்த வாரக் கடைசியில் மெக்கானிக் வந்து பொருத்தினார். அந்த மோட்டார் இதற்கு முன் ஒரு தொழிலாளர் அறையில் இருந்ததாம். "பத்துப் பேரு தொவைச்ச மிசினு மேடம், அதுக்கே ஒன்னும் ஆவல" என்று, முன்பு மறுத்த உத்தரவாதத்தை அவரே வலியக் கொடுத்தார். ரப்பரையும் மாற்றினார். கிளம்பும்போது குரலை உயர்த்தி, "அந்த மாவு மட்டும் உள்ள போவாம பாத்துக்குங்க. மறுபடி பூந்துச்சுன்னா ஒரே பேஜாரு" என்றார். கூடத்திலிருந்து, "ஆகட்டும்ப்பா, பாத்துக்கறோம்" என்று மாமனாரின் குரல் வந்தது. மெக்கானிக் அதில் விசேஷமாக எதையும் காணவில்லை.

அவர் போன பிறகு மெஷினைப் பழைய இடத்துக்குத் தள்ள வேண்டியிருந்தது. நான் ஒரு பக்கம் பிடித்தேன். சுவரோரம் வந்ததும் கணவர் நிறுத்தச் சொன்னார். பின்னுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு முழம் குழாயின் பக்கமாக நகர்த்தினார். தொட்டியின் மூடி குழாயடியிலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரத்தில் வந்து நின்றது. அதை ஒருமுறை தாமே திறந்து மூடிப் பார்த்தார். அவர் தெரிந்துகொண்டுவிட்டார் என்பது எனக்கு அப்போது விளங்கியது. கேட்க வேண்டியதில்லை என்று அவரும், சொல்ல வேண்டியதில்லை என்று நானும் அந்தப் பேச்சை அங்கேயே விட்டோம். தகப்பனாரிடம் இன்றுவரை அவர் ஒரு சொல்லும் சொன்னதில்லை. முன்பு சொல்லும் அந்தக் கடிக்காதுப்பாவை மட்டும் நிறுத்திவிட்டார்.

மார்கழி பிறந்த அன்று நான் வழக்கத்துக்கு முன்னதாகவே விழித்துக்கொண்டேன். மாமனார் கோலால் மடியை இறக்கிக் கொண்டிருந்தார். வேட்டி காகிதம்போல மொடமொடத்தது. ஆட்டோ வந்தது. மாலையில் ரயிலிலிருந்து இறங்கி வந்ததும், யார் தொடங்கினார்கள் என்று கேட்டேன்.

"மாப்பிள்ளைதான் ஆரம்பிச்சான். ரெண்டாவது அடியிலே மூச்சு முட்டித்து. என் பக்கம் திரும்பிப் பாத்தான். எடுத்துக் கொடுத்தேன்" என்றார். பிறகு, காபி ஆறிவிட்டது என்று குறை சொன்னார்.

அதற்குப் பிறகு சில மழைக்காலங்கள் கடந்துவிட்டன. மோட்டார் ஓடுகிறது, மெஷினின் தகடுதான் அடியில் துருப்பிடித்துவிட்டது. அதற்குக் கணவர் ஆலையிலிருந்து வெட்டுத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து ஒட்டுப் போட்டிருக்கிறார். உத்தரீயத்தை மாமனார் முதலில் தனி வாளியில் அலசி, வெள்ளை தெளியும்வரை தண்ணீர் மாற்றுகிறார். விடுமுறை நாட்களிலும் இப்போது தொட்டி சுழலும் சத்தம் கேட்கிறது. நாங்கள் கூடத்தில் இருந்தபடி பேச்சைத் தொடர்வோம். போன வாரம் ஒரு வேலையாகச் சன்னதித் தெருப் பக்கம் போனவள், சேவை நேரத்தில் உள்ளே போய் ஓரமாக நின்றேன். எதிர் வரிசையில் எல்லோரும் இளையவர்கள். இந்த வரிசையிலும் அவருக்கு அடுத்தவருக்கு என் கணவர் வயதுதான் இருக்கும். மாமனாரின் தகப்பனாரோடு சேர்ந்து சேவித்த அந்தத் தலைமுறையில் இப்போது இருப்பவர் என் மாமனார் ஒருவர்தான்.